ஈரலில் தங்கிய செம்பு

தமிழர் வாழ்வில் செம்பு நெடுங்காலமாகக் குடியிருந்து வருகின்றது. நீர் மொள்ளும் கலத்திற்குச் செம்பு என்றே பெயர். சிறுமியர் சோறாக்கி விளையாடும் சிறுகலத்திற்குச் செப்பு என்று பெயர். வேள்விக்குடி, ஆனைமங்கலம், திருவாலங்காடு ஆகிய ஊர்ப்பெயர்களால் வழங்கும் செப்பேடுகளை நம் துறை மாணவர் பாடமாகவே பயில்கின்றனர். நிக்காஹ் விருந்துகளில் பிரியாணி வேகும் பெரிய தேக்சாவும் செம்புதான். அதன் உட்புறத்தில் ஈயம் பூசாமல் எந்தச் சமையற்காரரும் அடுப்பில் ஏற்றமாட்டார். ஏன் பூசுகிறோம் என்று கேட்டால் ‘களிம்பு ஏறும், வாந்தி வரும்’ என்பார். செம்பு உணவில் கரையும், கரைந்தால் உடலுக்கு ஆகாது என்ற அறிவு நம்மவரிடம் அன்றே இருந்தது. ஆயினும், எந்தக் களிம்பும் உண்ணாத ஒரு குழந்தையின் ஈரலில் பிறந்த நாள் தொட்டுச் செம்பு சேர்ந்துகொண்டே இருக்கக்கூடும் என்பதை நாம் அறிந்தது நம் ஊரில் ஒரு வீட்டில் நேர்ந்ததைக் கண்ட பின்னரே.

நம் ஊர் கம்மாபுரம். விருத்தாசலம் வட்டத்தில் ஓர் ஒன்றியத்தின் தலைமையூர். ஒருபுறம் வயல், மறுபுறம் நெய்வேலிச் சுரங்கத்தின் மண்மேடு. எங்கள் பக்கத்து இளைஞர் பலருக்கு விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையே சோறு போடுகின்றது. நம் தெருவில் வாழ்ந்த ஒருவரும் அங்கே ஒரு கூடத்தில் வேலை செய்தார். பச்சைப் பாண்டத்தின் மேல் ‘கிளேஸ்’ என்னும் மெருகுக் கலவையைப் பூசுவது அவர் தொழில். கலவையில் சிறிதளவு செம்பு ஆக்சைடு சேர்ந்தால் சூளையிலிருந்து பாண்டம் பச்சை நிறங்கொண்டு வெளிவரும் என்பதை நாம் அவரிடமே கற்றோம். அவர் தம் அத்தை மகளை மணந்தவர். மூத்தது பெண், அடுத்து ஒரு மகன், கடைசியாக மீண்டும் ஒரு பெண்.

அம்மகனுக்கு ஒன்பதாம் அகவையில் கண் மஞ்சளாயிற்று. ஊரில் இதற்கொரு பெயரும் ஒரு மருந்தும் ஆயத்தமாக இருந்தன. பெயர் காமாலை, மருந்து கீழாநெல்லி. வேரோடு பிடுங்கி அரைத்து, மோரிலோ பாலிலோ கலக்கி, வெறும் வயிற்றில் கொடுத்து, உப்பும் எண்ணெயும் விலக்கினார்கள். மூன்று வாரத்தில் மஞ்சள் இறங்கிற்று. வீட்டார் மகிழ்ந்தனர்.

கீழாநெல்லியை இகழ்வது நம் நோக்கமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தியாகராஜனும் அவர்தம் குழுவினரும் 1988-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வினால் இம்மூலிகை உலகின் கவனத்தைப் பெற்றது. அவர்கள் ஆராய்ந்தது மஞ்சட்காமாலை ‘பி’ வகைக் கிருமியைச் சுமப்போரிடம் அது செய்யும் மாற்றத்தை. அந்நற்பயனைப் பின்வந்த ஆய்வுகள் பல மீண்டும் காட்டவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். எவ்வாறாயினும் அது கிருமியைப் பற்றிய ஆய்வு; செம்பைப் பற்றியதன்று. குழந்தைகட்கு மிகுதியாக வரும் ‘ஏ’ வகைக் காமாலையோ சில வாரங்களில் தானே தணியும் இயல்பினது. தணிந்த பெருமை கையில் இருந்த மூலிகைக்குப் போய்ச் சேர்கின்றது. அதனாலும் கேடில்லை. தானே தணிந்து, ஆனால் உள்ளே அழிவை நிறுத்தாத வேறொரு நோய் அதே மஞ்சள் ஆடையை உடுத்திக்கொண்டு வரும்போதுதான் கேடு விளைகின்றது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி. மஞ்சளாகக் கண்டதெல்லாம் காமாலை என்று முடிப்பதும் அத்தகைய கண்ணே. காமாலை ஒரு நோயன்று. ஈரலோ குருதியோ பித்தக் குழாயோ எதுவோ பழுதுபட்டிருக்கிறது என்று உடல் ஏற்றும் கொடி. எது பழுது என்பதைக் கொடி சொல்வதில்லை.

ஓராண்டு கழித்து மஞ்சள் மீண்டும் வந்தது. இம்முறை மஞ்சளோடு வெளிறலும் சேர்ந்திருந்தது. உதடும் உள்ளங்கையும் இரத்தமற்றுக் கிடந்தன. வயிறு சற்றே உப்பியது. முதியோர் ‘ஈரல் குலைக்கட்டி’ என்றனர். இரத்தம் ஊறட்டும் என்று வாரந்தோறும் ஆட்டு ஈரலை வாங்கி மிளகிட்டு வறுத்து ஊட்டினர். அன்புடன் செய்த பணிவிடை அது. ஆனால் நாம் உண்ணும் பொருள்களுள் செம்பு மிகுந்தவற்றில் ஆட்டு ஈரலும் ஒன்று என்பதைப் பிற்பாடு மருத்துவர் சொன்னபோது அந்தத் தாய் முகத்தை மூடிக்கொண்டார். சில வாரத்து ஈரல் வறுவலால் விளைந்த நோயன்று அது என்று மருத்துவர் பலமுறை எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

இன்னொரு குறியும் தோன்றியது. தமிழ் கற்பிப்பவர் என்னும் முறையில் நம் கண்ணில் முதலில் பட்டது அதுவே. அச்சிறுவன் மாலைநேரங்களில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எழுதிப் படிப்பதுண்டு. முத்து முத்தாக எழுதியவன் கையெழுத்து ஆறு மாதத்தில் கலைந்து போயிற்று. ணகரத்தின் சுழிகள் நெளிந்தன. ழகரத்தின் கால் கோட்டைத் தாண்டி ஓடிற்று. போகப்போக எழுத்துகள் சிறுத்துக்கொண்டே வந்தன. பள்ளியில் இதனைச் சோம்பல் என்று கண்டித்தனராம். தேர்வில் மதிப்பெண் சரிந்தது. காரணமின்றி அழுதான், சினந்தான். ஈரலுக்கும் கையெழுத்துக்கும் என்ன உறவு என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. வீட்டார் இரண்டையும் இரு வேறு துன்பங்களாகவே எண்ணினர். கையெழுத்து இவ்வாறு மாறிவருவதை நாம் தந்தையிடம் நோட்டுப் புத்தகங்களை அடுக்கிக் காட்டிச் சொன்னோம். அந்த நோட்டுகளையும் அவர் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்.

முதலிற் கண்ட மருத்துவமனையில் ஊசியும் சத்து மருந்தும் கொடுத்து அனுப்பினர். அடுத்து நகரத்தில் ஒரு குழந்தை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரலும் வீங்கியிருப்பதை உணர்ந்து, காமாலைக் கிருமிகளுக்கான சோதனைகளைச் செய்யச் சொன்னார். கிருமி எதுவும் இல்லை. நோட்டுகளைப் புரட்டியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர்த் தாய் தந்தையரின் உறவுமுறையைக் கேட்டார். ‘அத்தை மகள்’ என்றதும் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ‘கண்ணையும் காட்டுங்கள்’ என்று அவர் எழுதியிருந்தது வீட்டாருக்கு விளங்கவேயில்லை.

கண்ணில்தான் விடை இருந்தது. ‘ஸ்லிட் லாம்ப்’ என்னும் ஒளிக்கீற்றுக் கருவியின் முன் மோவாயை வைத்து அமரச் செய்து நோக்கினால், கருவிழியின் விளிம்பைச் சுற்றிப் பொன்னும் பசுமையும் கலந்த பழுப்பு வளையம் தெரிந்தது. செர்மனியக் கண் மருத்துவர்களான கைசர் 1902-இலும் பிளைசர் 1903-இலும் விவரித்தமையால் அது கைசர்–பிளைசர் வளையம் என வழங்கும். படிந்திருப்பது செம்பு. சூளையில் தாம் பாண்டத்திற்கு ஏற்றிய நிறம் மகனின் கண்ணில் ஏறிவிட்டதாகத் தந்தை மருகினார். தெருவிலும் அப்பேச்சு எழுந்தது: உடுப்பில் ஒட்டிய பொடியை வீட்டிற்குக் கொண்டுவந்தாராம், பிள்ளைக்கு ஏறிவிட்டதாம். அவர் வேலையை விட்டுவிடவும் துணிந்தார். தொழிலுக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை அவருக்குப் புரியவைப்பதற்கு நோயின் வரலாற்றையே சொல்லவேண்டியதாயிற்று.

எடின்பரோவில் மருத்துவம் கற்று இலண்டனில் பணியாற்றிய கின்னியர் வில்சன் என்னும் நரம்பு மருத்துவர் 1912-ஆம் ஆண்டில் நீண்டதோர் ஆய்வுரை வெளியிட்டார். இளையோர் சிலர்க்குக் கை நடுங்கி, பேச்சுக் குழறி, உடல் விறைத்து, இறுதியில் உயிர் போகின்றது. அறுத்துப் பார்த்தால் மூளையின் உட்பகுதியில் சிதைவும், அதனோடு தவறாமல் ஈரல் சுருங்கி முடிச்சிட்ட நிலையும் காணப்படுகின்றன. ஒரே குடும்பத்து உடன்பிறந்தாரிடம் இது தோன்றுகின்றது என்று அவர் காட்டினார். அதனால் வில்சன் நோய் என்று பெயர். செம்பே காரணம் என்பது உறுதிப்படப் பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. 1952-இல் ‘செருலோபிளாஸ்மின்’ என்னும் செம்பு தாங்கும் புரதம் இந்நோயாளரின் குருதியில் குறைந்திருப்பது அறியப்பட்டது. 1993-இல் பதின்மூன்றாம் குரோமோசோமில் பழுதுபடும் மரபணு கண்டறியப்பட்டது, அதனை ஏ.டி.பி.7பி என்பர்.

அம்மரபணுவின் வேலை எளிதாகச் சொல்லக்கூடியது. நாம் அன்றாடம் உண்ணும் உணவில் ஓரிரு மில்லிகிராம் செம்பு உள்ளது. உடலுக்கு அதில் சிறிதளவு வேண்டும். மிகுந்ததை ஈரல் பித்தத்தில் கலந்து குடலுக்குத் தள்ளி மலத்தோடு வெளியேற்றும். ஏ.டி.பி.7பி அந்த வாயிலைத் திறக்கும் காவலன். அவன் இல்லாவிடில் வாயில் மூடியே கிடக்கும். குழந்தை பிறந்த நாளிலிருந்து ஈரலில் செம்பு சேரும். ஈரல் நிரம்பியபின் குருதியில் வழிந்து, மூளையிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் படியும். சில வேளை ஈரலிலிருந்து ஒருசேரப் பாய்ந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சளும் வெளிறலும் ஒன்றாக வந்த மறைபொருள் இதுவே. ஆகவே நம் தெருச் சிறுவனின் ஈரலில் இருந்தது சூளைச் செம்பன்று. சோற்றிலும் பருப்பிலும் நாமெல்லாரும் உண்டு கழிக்கும் அதே செம்பு. அவனால் கழிக்க இயலவில்லை.

புறத்திலிருந்து மிகுதியாக வந்த செம்பால் குழந்தைகள் மடிந்த கதையும் நம் நாட்டில் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். மூன்று அகவைக்கு உட்பட்ட குழந்தைகளின் ஈரல் கல்லைப்போல் இறுகி, மகோதரம் கண்டு, சில மாதங்களில் உயிர் பறிக்கும் நோய் ஒன்று ‘இந்தியக் குழந்தை ஈரல் சுருக்கம்’ என்னும் பெயரில் மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருந்தது. ஒரே வீட்டில் அடுத்தடுத்த பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் தமிழகத்தில் ஒருகாலத்தில் பல. குழந்தைகளின் ஈரல் நோய்க்கென்றே மருந்துச்சாலைகள் புகழ்பெற்றிருந்த காலம் அது. புனே நகரில் பண்டிட், பாவே ஆகிய மருத்துவர்களும் இங்கிலாந்தைச் சேர்ந்த டானரும் சேர்ந்து ஆய்ந்து, பித்தளை, செம்புக் கலங்களில் காய்ச்சி வைத்த பாலை மிக இளம்பருவத்திலேயே புகட்டியதை இந்நோயோடு தொடர்புபடுத்தி 1983-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினர். பாலில் உள்ள புரதம் செம்பைப் பற்றிக்கொள்ளும். ஈயம் தேய்ந்த பாத்திரமாயின் சொல்லவே வேண்டா. எவர்சில்வர் வந்து பித்தளையைப் பரணில் ஏற்றியதோடு அந்நோயும் அரிதாகிவிட்டது. ஒரு பாத்திரத்தின் மாற்றம் ஒரு நோயை விரட்டியதென்பது வியப்பிற்குரியதே. அண்மை ஆண்டுகளில் செப்புக் குடத்து நீர் நலமென்று கடைக்குக் கடை விற்கின்றனர். நலமுள்ள பெரியோர் பருகட்டும். பாலையும் மோரையும் புளியையும் அதில் வைக்கலாகாது, பச்சிளங்குழந்தைக்கு அது வேண்டவே வேண்டா.

அந்நோயில் உள்ளே வரும் வழி அகன்றது. வில்சன் நோயில் வெளியே போகும் வழி அடைபட்டது. முன்னது மூன்று அகவைக்குள் தாக்கும். பின்னது மூன்றுக்குள் அரிதாகவே வெளிப்படும், ஐந்து முதல் பதினைந்து வரையே ஈரல் வழியாக மிகுதியும் தலைகாட்டும். முன்னதில் செருலோபிளாஸ்மின் குறைவதில்லை. பின்னதில் பெரும்பாலும் குறையும்.

‘பெரும்பாலும்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. குழந்தைகளிடம் இந்நோயை நிறுவ ஒரே ஒரு சோதனை போதாது. செருலோபிளாஸ்மின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஐயம் வலுக்கும். ஆனால் பச்சிளங்குழந்தை யாவர்க்கும் அது இயல்பாகவே குறைவு, வேறு அழற்சி இருந்தாலோ நோயாளியிடமும் உயர்ந்து காட்டும். கண் வளையம் இருந்தால் பெருந்துணை. இல்லை என்பதால் நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. ஈரல் மட்டும் தாக்கப்பட்ட சிறுவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அவ்வளையம் காணப்படுவதில்லை. இருபத்துநான்கு மணிநேரச் சிறுநீரில் கழியும் செம்பை அளத்தல் அடுத்த வழி. 100 மைக்ரோகிராமுக்கு மேல் என்பது பழைய எல்லை. குழந்தைகட்கு 40-க்கு மேல் இருந்தாலே ஐயுற வேண்டும் என்பது இன்றைய கருத்து. ஈரலில் ஊசியிட்டு எடுத்த துணுக்கில் உலர்ந்த எடையில் கிராமுக்கு 250 மைக்ரோகிராமை மிஞ்சினால் அது வலுவான சான்று. இயல்பான ஈரலில் 50-க்குக் கீழேதான் இருக்கும். இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் இட்டுக் கூட்டி, நான்கும் அதற்கு மேலும் வந்தால் நோய் உறுதி என்று கொள்ளும் முறையை 2001-இல் லைப்சிக் நகரில் கூடிய வல்லுநர் வகுத்தனர். இப்போது மரபணுச் சோதனையும் கைகொடுக்கின்றது.

சொல்வதற்கு எளிய அந்தச் சிறுநீர்ச் சோதனை ஓர் ஏழை வீட்டில் எவ்வளவு கடினமானதென்று நேரில் கண்டோம். விடியற்காலையில் கழிப்பதைக் கொட்டிவிட வேண்டும். அதன்பின் மறுநாள் விடியல்வரை ஒரு சொட்டும் சிந்தாமல் சேர்க்கவேண்டும். அமிலத்தால் கழுவிய பிளாஸ்டிக் கேனில் மட்டுமே சேர்க்கவேண்டும். உலோகம் எதுவும் பட்டால் கணக்குப் பொய்க்கும். பள்ளி விடுமுறை நாள் பார்த்து, சிறுவனை வீட்டை விட்டு வெளியே அனுப்பாமல், தாய் ஒரு பகலும் ஓர் இரவும் கேனைக் காத்தார். முதன்முறை பக்கத்து வீட்டார் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டமையால் மீண்டும் தொடங்கவேண்டியதாயிற்று.

சோதனைகள் யாவும் ஒன்றையே சொல்லின. முதல் மஞ்சள் தோன்றிய நாளுக்கும் நோயின் பெயர் கிடைத்த நாளுக்கும் இடையே ஒன்றே கால் ஆண்டு. இதுவும் நற்பேறே என்று சொல்லத்தக்க நிலைதான் நாட்டில் உள்ளது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தாம் கண்ட வில்சன் நோயாளர் 307 பேருள் 192 பேருக்கு முன்னர் வேறு நோயின் பெயர் சூட்டப்பட்டிருந்ததாகவும், சரியான பெயர் கிடைக்கச் சராசரியாக ஈராண்டு தாழ்ந்ததாகவும் பதிவு செய்துள்ளனர். மனநோய் என்றும், மூட்டுவாதம் என்றும், வலிப்பு என்றும் இந்நோய்க்கு ஒப்பனைகள் பல. நினைத்தால்தான் பிடிபடும், நினைக்காத மருத்துவரிடம் எத்தனை கருவி இருந்தும் பயனில்லை.

இனி, நம் பெரியோர் பொறுமையோடு கேட்கவேண்டிய பகுதி. இந்நோய் தொற்றுவதன்று; பிறப்போடு வருவது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதுபட்ட இரண்டு பிரதிகள் சேர்ந்தாலன்றி நோய் தோன்றாது. ஒரு பிரதி மட்டும் பழுதுபட்டவர் நலமாகவே வாழ்ந்து முடிப்பர். அவரைச் சுமப்போர் என்பர். 30,000 பேருக்கு ஒருவர் என நோயைக் கணக்கிட்டால் சுமப்போர் ஏறத்தாழ 90 பேருக்கு ஒருவர். தொடர்பில்லாத இருவர் மணந்தால் இருவரும் சுமப்போராக வாய்ப்பது அரிது. ஒரே பாட்டனாரின் பேரனும் பேத்தியும் மணந்தாலோ, பாட்டனாரிடமிருந்த ஒரு பழுது இருவழியாகவும் இறங்கி ஒரே குழந்தையிடம் சந்திக்கும் வாய்ப்பு மிகும். கணக்கிட்டால் 30,000-க்கு ஒன்று என்பது ஏறத்தாழ 2,600-க்கு ஒன்றாகின்றது. அதாவது 2,599 குழந்தைகட்கு இந்நோய் இல்லை. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மறைத்து அச்சுறுத்துவது அறிவன்று. 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மணங்கள் இரத்த உறவில் நிகழ்ந்தவை. அக்காள் மகளை மணப்பது இஸ்லாத்தில் விலக்கப்பட்டது. ஆனால் மாமன் மகள், அத்தை மகன், சித்தப்பா பெரியப்பா மக்கள் என்னும் உறவில் மணப்பது நம்மிடையேயும் உண்டு. அது அனுமதிக்கப்பட்டதேயன்றிக் கடமையாக்கப்பட்டதன்று. எனவே, எந்தச் சமயத்தாராயினும், ஒரு குடும்பத்தில் இத்தகைய குழந்தை ஒன்று பிறந்துவிட்ட பின்னரும் அடுத்த மணத்தை அதே கொடிவழியில் ஆராயாமல் முடிப்பதற்கு மரபைக் காரணம் காட்ட இடமில்லை என்பது நம் கருத்து.

உடன்பிறந்தார் நிலை வேறு. அவர்கட்கு 2,600-க்கு ஒன்று என்னும் கணக்குப் பொருந்தாது. பெற்றோர் இருவரும் சுமப்போர் என்று மெய்ப்பட்டுவிட்டபடியால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆகவே நோயுற்ற குழந்தையைக் கண்டவுடன் அதன் உடன்பிறந்தார் அனைவரையும், ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்தாலும், சோதித்தல் வேண்டும். மருத்துவர் இதனைச் சொன்ன அன்றுதான் அவ்வீட்டில் உண்மையான பூசல் எழுந்தது.

பாட்டியார் ஒப்பவில்லை. நம்மை அழைத்தே கேட்டார்: “ஏந் தம்பி, பையனுக்கு ஒடம்பு சரியில்ல, பாக்குறோம். நல்லாருக்கிற பொம்பளப் புள்ளைங்கள எதுக்கு ஆசுபத்திரிக்கு இழுக்கணும்? ஊரு வாயி சும்மா இருக்குமா? மூத்தவளுக்கு நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பான்?” மூத்தவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள், தாய்மாமன் மகனுக்கென்று பேச்சளவில் முடிந்திருந்தது. பாட்டியாரின் அச்சம் அறியாமையால் வந்ததென்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. நோயுள்ள வீடு என்னும் பெயர் பெண்களின் மணவாழ்வை எப்படி மறிக்கும் என்பதை அவர் எழுபது ஆண்டு கண்டவர். நாம் அவரிடம் மரபணுவைப் பற்றிப் பேசவில்லை. ‘மஞ்சள் வரும் வரை காத்திருந்தால் பையனுக்குப் போனது போல் கையெழுத்தும் போகலாம், இப்போது தெரிந்தால் ஒரு மாத்திரையோடு போய்விடும்’ என்று மட்டும் சொன்னோம். அவர் மறுமொழி கூறாமல் உள்ளே சென்றுவிட்டார். மூன்றாம் நாள் தந்தை இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு போனார். கண் சோதனைக்கு என்று தெருவில் சொல்லிச் சென்றார். பொய்யுமன்று.

மூத்தவளுக்கு யாதொரு குறையும் இல்லை. இளையவளுக்கு, ஆறு அகவையில், ஒரு நாளும் மஞ்சள் காணாத, பாண்டி ஆட்டத்தில் தெருவையே வென்ற அச்சிறுமிக்கு, செருலோபிளாஸ்மின் தாழ்ந்திருந்தது. சிறுநீர்ச் செம்பு மிகுந்திருந்தது. மரபணுச் சோதனையும் அண்ணனுடைய அதே பழுதைக் காட்டிற்று. கண்ணில் வளையம் இல்லை.

மருந்தில்லா நோயன்று இது. பரம்பரை நோய்களுள் மருந்துக்கு இவ்வளவு நன்றாகக் கட்டுப்படுவன மிகச் சிலவே. வால்ஷ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பெனிசிலின் உண்டவரின் சிறுநீரில் தாம் முன்னர்க் கண்டிருந்த பெனிசிலமின் என்னும் பொருள் செம்பைப் பற்றி இழுத்துச் செல்லக்கூடும் என எண்ணி, முதலில் தாமே உட்கொண்டு பார்த்து, பின் நோயாளர்க்குக் கொடுத்து, 1956-இல் உலகிற்கு அறிவித்தார். சிறுவனுக்கு அதைத்தான் கொடுத்தனர். நரம்பைத் தாக்கிய நிலையில் ஒரேயடியாகக் கொடுத்தால் நடுக்கம் மிகக்கூடும். ஆதலால் மிகச் சிறிய அளவில் தொடங்கி வாரந்தோறும் ஏற்றினர். உணவுக்கு ஒரு மணி முன்னரோ இரு மணி பின்னரோ வெறும் வயிற்றில் விழுங்கவேண்டும். கூடவே ‘பி6’ உயிர்ச்சத்தும் வேண்டும். தோலில் தடிப்பு வருகிறதா, சிறுநீரில் புரதம் கழிகிறதா என்று அடிக்கடி பார்த்தனர். இளையவளுக்குத் துத்தநாக மாத்திரை. அது குடலிலேயே செம்பைத் தடுத்து நிறுத்திவிடும். இருவர்க்கும் ஈரல், நண்டு, சிப்பி, முந்திரி, காளான், சாக்லேட் விலக்கு. விலக்குணவு துணைதான், அதனால் மட்டும் நோய் தீராது. காலங்கடந்து ஈரல் முற்றும் செயலிழந்து வருவோர்க்கு மாற்று ஈரல் பொருத்துவதொன்றே வழி. புதிய ஈரல் நலமான மரபணுவோடு வருவதால் செம்பும் ஒழுங்காகக் கழியத் தொடங்கும்.

சிறுவனின் வயிறு இறங்க ஆறு மாதமும், கையெழுத்துத் திரும்ப ஏறக்குறைய ஈராண்டும் ஆயின. ணகரம் பழைய அழகை அடையவில்லை, படிக்கமுடிகிறது. மருந்தை வாழ்நாள் முழுதும் உண்ணவேண்டும். நலமாகிவிட்டோம் என்று எண்ணி நிறுத்தியவர்கள் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ திடுமென ஈரல் செயலிழந்து இறந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் பல உள. இதனைக் கேட்டபின் அவ்வீட்டு நாட்காட்டியில் மாத்திரை வாங்கும் நாளைச் சிவப்பு மையால் வட்டமிடும் பொறுப்பைப் பாட்டியாரே ஏற்றுக்கொண்டார்.

மூத்தவள் சுமப்பவளா என்பதைத் தாய்மாமன் வீட்டார் கேட்டனர். நோயில்லாத உடன்பிறந்தார் மூவருள் இருவர் சுமப்போராக இருக்கும் வாய்ப்பு உண்டென மருத்துவர் கூறினார். குடும்பத்தின் பழுது இன்னதென்று ஏற்கெனவே தெரிந்திருந்தமையால் ஒரு குருதிச் சோதனை போதுமானதாயிற்று. மாமன் மகனும் செய்துகொண்டார். அவள் சுமப்பவள், அவர் அல்லர். அப்படியாயின் பிறக்கும் பிள்ளைகளுள் எவர்க்கும் அந்தப் பழுதினால் நோய் வர வழியில்லை. சென்ற ஆண்டு ஆவணியில் விருத்தாசலத்தில் மணம் நடந்தது. இளையவள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். முந்திரி போட்ட பாயசத்தை மட்டும் தொடவில்லை.